பியோர்க்: பாடியது மட்டும்தானா, இசையும் அவருடையதா?

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் பற்றி ஒரு நண்பரோடு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், தீர்த்து வையுங்கள்.

நண்பர் கட்சி இது: "குரல் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் ஆல்பத்துக்கு ஆல்பம் ஒரு புது ஆளைத் தயாரிப்பாளராகப் பிடிக்கிறார். 1993-ல் 'டெபியூ'வுக்கு நெல்லி ஹூப்பர். 1995-ல் 'போஸ்ட்'டுக்கு அவரோடு கிரஹாம் மாஸி, டிரிக்கி, ஹோவி பி. 1997 'ஹோமோஜெனிக்'கில் மார்க் பெல். 2001 'வெஸ்பர்டைன்' என்றால் மாட்மோஸ். 2007 'வோல்ட்டா'வில் டிம்பலாண்ட். 2015 'வல்னிகூரா'வில் ஆர்க்கா. அப்படியானால் இசை அந்தந்த ஆட்களுடையது. இவர் அதன் மேல் பாடுகிறார், விசித்திரமாக உடுத்துகிறார், பேர் வாங்குகிறார்."

எனக்கு இது தப்பு என்று படுகிறது. ஆனால் எடுத்துச் சொல்ல ஆதாரம் கையில் இல்லை. "அவர் ஒரு மேதை" என்று ஒற்றை வரி போடுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

—

ரீமிக்ஸ்ராசு எழுதியது:

எனக்குத் தெரிந்த பியோர்க், ஆஸ்கருக்கு அன்னப்பறவை வடிவ உடையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தவர். சிவப்புக் கம்பளத்தில் முட்டை கூடப் போட்டார். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

—

கடல்நாரை எழுதியது:

ராசு, அந்த 2001 ஆஸ்கருக்கு அவர் வந்தது பாடலுக்கான பரிந்துரையோடு. முந்தின ஆண்டு கான் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகை விருது வாங்கித் தந்த 'டான்சர் இன் தி டார்க்' படத்தின் பாடல் அது. உடை மட்டும் உலகத்துக்கு நினைவிருக்கிறது, என்ன செய்ய.

மூன்றாம்பெஞ்சின் கேள்விக்கு 1993-லிருந்து தொடங்கினால் பதில் கிடைக்காது. நண்பர் போட்ட பட்டியல் தொடங்குவதற்கு முன்பே இந்தப் பெண்மணி பதினாறு வருடம் இசைத்துறையில் இருந்துவிட்டார்.

1965 நவம்பர் 21, ரெய்க்யவிக்கில் பிறப்பு. அப்பா மின்பணியாளர், பின்னாளில் மின்தொழிலாளர் சங்கத் தலைவர். ஆறு வயதிலிருந்து இசைப்பள்ளியில் பியானோவும் புல்லாங்குழலும். பள்ளி நிகழ்ச்சியில் பாடியது வானொலியில் ஒலிபரப்பாக, 1977 டிசம்பரில், பன்னிரண்டு வயதில், முதல் இசைத்தட்டு வந்துவிட்டது. வளர்ப்புத் தந்தை கிதார் வாசித்தார், அட்டைப்படத்தை அம்மா வடிவமைத்தார். பெரும்பாலும் மற்றவர்கள் பாட்டை ஐஸ்லாந்து மொழியில் பாடியதுதான். நடுவில் ஒரே ஒரு வாத்திய இசைத்துண்டு மட்டும் வேறு மாதிரி இருக்கும். அந்த நாட்டின் பெரிய ஓவியர் யோஹன்னஸ் க்யார்வாலின் நினைவாக அமைத்தது. அதை இசையமைத்தவர் அந்தச் சிறுமியேதான். தட்டு நன்றாக விற்றது, கம்பெனி இரண்டாவது கேட்டது, இவர் மாட்டேன் என்றுவிட்டார். பன்னிரண்டு வயதில்!

அப்புறம் பங்க் என்கிற முரட்டு ராக் இசைக் காலம். 1981-ல் 'டாப்பி டீக்காராஸ்' என்ற குழு. 1983-ல் ஒரு வானொலி நிகழ்ச்சியின் கடைசி ஒலிபரப்புக்காகப் பல குழுக்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கிச் சேர்த்ததில் 'குக்ல்' பிறந்தது. ஒரு நாளுக்காகச் சேர்ந்தவர்கள் மூன்று வருடம் ஓட்டினார்கள். இங்கிலாந்தின் கிராஸ் என்ற அராஜகவாத பங்க் கம்பெனி அவர்கள் தட்டுகளை வெளியிட்டது.

அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. நம் ஊரில் ஒரு நடுத்தர நகரம். அதற்குள் கவிஞனும் டிரம்மரும் பாடகியும் ஒரே ஆட்கள்தான், ஒரே அறையில்தான். 1986-ல் இவர்கள் 'ஸ்மெக்லேய்சா' என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கவிதைப் புத்தகமும் போடுவார்கள், இசைத்தட்டும் போடுவார்கள். பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த அக்டோபரில் ரீகனும் கோர்பச்சேவும் ரெய்க்யவிக்கில் சந்தித்தார்கள். உலகப் பத்திரிகைக்காரர்கள் அத்தனை பேரும் ஊரில். நம் ஆட்கள் அந்தச் சந்திப்பை வைத்து ஓர் அஞ்சலட்டை அச்சடித்து விற்றார்கள். அந்தக் காசில் இவர்களுடைய புதுக் குழுவான 'சுகர்கியூப்ஸ்'ஸின் முதல் சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) வெளிவந்தது, பியோர்க்கின் பிறந்தநாளன்று. பிறகு அதே பாட்டு ஆங்கிலத்தில் 1987-ல் லண்டனில் வந்து, அங்கத்திய இசைப் பத்திரிகை அதை வாரத்தின் சிறந்த சிங்கிள் என்று தலையில் வைத்துக் கொண்டாடியது வேறு கதை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கூட்டாக வேலை செய்வது அவருக்குப் பலவீனம் அல்ல, வளர்ந்த விதமே அதுதான். அந்தக் குழுவில் பேஸ் கிதார் வாசித்த பிராகி ஓலாஃப்சன் பின்னால் நாவலாசிரியர். கூட வந்து போன சியோன் இன்று ஐஸ்லாந்தின் முக்கிய எழுத்தாளர், பியோர்க்கின் பல பாடல் வரிகளில் அவர் கை உண்டு. பாடகர் ஐனார் ஓர்ன் ரெய்க்யவிக் நகரசபைக்கே போனார். அப்படிப்பட்ட கூட்டத்தில் "நான் தனி மேதை" என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பார்கள்.

—

தபேலாப்பித்தன் எழுதியது:

கடல்நாரை ஐயா, அருமை. நான் ஒரு பாட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

'டெபியூ'வில் 'வீனஸ் ஆஸ் எ பாய்'. தபலா வாசித்தது தல்வின் சிங், லண்டன் பஞ்சாபி. அதில் வரும் வயலின் கூட்டம் இந்தியாவில் பதிவானது, நம் சினிமா ஸ்டூடியோ வாத்தியக்காரர்களை வைத்து. அதற்கும் தல்வின்தான் பொறுப்பு. காதைக் கொஞ்சம் கொடுத்துக் கேளுங்கள். ஐரோப்பிய வயலின் என்றால் சுரத்தில் வந்து நேராக நிற்கும். இங்கே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த வழுக்கல் பழைய பம்பாய்ப் படப் பாட்டு கேட்டு வளர்ந்த யாருக்கும் சட்டென்று பிடிபடும். பியோர்க்கின் குரலும் அப்படியே வழுக்குகிற குரல். அந்த வாத்தியக் கூட்டத்தை அந்தக் குரலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றியதே, அதற்குப் பெயர் என்ன? நெல்லி ஹூப்பர் தயாரித்தார், சரி. பாட்டு யாருடையது? சொல்லும் மெட்டும் பியோர்க்.

—

செவிப்பறை எழுதியது:

எதிர்க்கட்சிக்கு ஓர் ஆளாவது வேண்டாமா? நான் வருகிறேன்.

'ஹோமோஜெனிக்' வரை நானும் ரசிகன். கேசட் தேய்ந்து போகிற அளவுக்குக் கேட்டவன். அதற்குப் பிறகு வந்ததில் குளிக்கும்போது முணுமுணுக்க ஒரு பாட்டு சொல்லுங்கள் பார்க்கலாம். மெட்டு போய்விட்டது, "கருத்து" வந்துவிட்டது. ஒன்று முழுக்கக் குரல், ஒன்று முழுக்கப் புல்லாங்குழல், ஒன்று காளான். ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்ட அறிக்கை. 2015-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவரைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள், விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பாடகியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அப்படித்தான்.

மூன்றாம்பெஞ்சின் நண்பர் சொல்வதில் பாதி சரி. மார்க் பெல் இல்லாமல் 'ஹோமோஜெனிக்' கிடையாது.

—

ரீமிக்ஸ்ராசு எழுதியது:

காளானா??

—

செவிப்பறை எழுதியது:

ஆமாம் தம்பி. 2022, 'ஃபோசோரா'. பூஞ்சை வலைப்பின்னல். கூடவே இந்தோனேசியாவிலிருந்து ஒரு தடதட மின்னிசை இரட்டையர்.

—

ஃபேடர் எழுதியது:

நான் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். "தயாரிப்பாளர்" என்ற பெயரே இங்கே குழப்புகிறது. சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் காசு போடுகிறவர். இசையில் அந்தப் பெயர் யாரைக் குறிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் தாளக்கட்டை நிரல் செய்வார், ஒருவர் பாடகரைத் தட்டிக்கொடுத்துப் பாட வைப்பார், இன்னொருவர் முடிந்த பாட்டை மெருகேற்றுவார். மூவருக்கும் தட்டின் பின்னட்டையில் ஒரே பட்டம்.

செவிப்பறை சார் சொன்ன 'ஹோமோஜெனிக்'கையே எடுப்போம். அது பதிவானது ஸ்பெயினில், மலாகா பக்கம். லண்டனிலிருந்து ஏன் போனார் என்பது கொடுமையான கதை. 1996 செப்டம்பரில் மனநிலை பிறழ்ந்த ஒரு ரசிகர் அமிலம் வைத்த பொதியை அவர் முகவரிக்கு அனுப்பிவிட்டுத் தன்னை மாய்த்துக்கொண்டார். பொதியை லண்டன் போலீஸ் இடைமறித்துவிட்டது. அதன் பிறகு அந்த ஊரில் இருக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்த ஆல்பத்துக்கு அவர் முதலில் போட்ட திட்டத்தைக் கேளுங்கள்: ஒரு ஸ்பீக்கரில் தந்தி வாத்தியம் மட்டும், மறு ஸ்பீக்கரில் தாளம் மட்டும், நடுவில் குரல். கேட்கிறவர் பேலன்ஸ் குமிழைத் திருப்பித் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் அப்படிச் செய்யவில்லை. ஆனால் எலும்புக்கூடு அதுதான். ஐஸ்லாந்திலிருந்து எட்டுத் தந்திக் கலைஞர்கள், எரிமலை வெடிப்பது போன்ற தாளம், இரண்டுக்கும் இடையில் எதுவும் இல்லாத வெற்றிடம், அதில் குரல். இந்த வரைபடம் மார்க் பெல் கொண்டுவந்தது இல்லை. பெல்லின் தாள வேலை பிரமாதம், அதில் சந்தேகமே கிடையாது. தந்தி அமைப்பில் பிரேசில்காரர் யூமிர் தியோதாத்தோ கைகொடுத்தார். வீட்டுக்கு வரைபடம் போட்டவரை விட்டுவிட்டு, கூரை வேய்ந்தவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்தால் எப்படி?

பதிவு செய்கிற இடத்தையே வாத்தியமாக்குவதும் அவர் பழக்கம். 'டெபியூ'வில் ஒரு பாட்டு லண்டன் மில்க் பார் கிளப்பின் கழிப்பறையில் பதிவானது. பாட்டு நடுவில் கதவு சாத்துகிற இடத்தில் பின்னால் ஓடும் நடன இசை அமுங்கிப்போய், அவர் குரல் மட்டும் காதோரம் கிசுகிசுக்கும். 'போஸ்ட்'டுக்குப் பஹாமாஸின் நசாவ் ஊர்ப் பதிவுக்கூடத்தில் இருந்தபோது, மைக் வயரை நீளமாக இழுத்துக்கொண்டு கடற்கரைக்கே போய் இருட்டில் பாடியிருக்கிறார். ஒரு பாட்டுக்குக் குகைக்குள் போனார். எங்கள் கூடத்தில் ஒரு பாடகர் "சார், மைக்கை வெளியே எடுத்துட்டுப் போகலாமா" என்று கேட்டால் நான் முதலில் வயரின் விலையைத்தான் நினைப்பேன்.

—

நியூஜெர்சிவாசி எழுதியது:

ஃபேடர் சொன்னதற்கு நேரடி ஆதாரம் பியோர்க்கே கொடுத்திருக்கிறார்.

2015 ஜனவரியில், 'வல்னிகூரா' வந்த சமயம், ஒரு பேட்டியில் இந்த விஷயத்தை வெளிப்படையாகப் பேசினார். 'வெஸ்பர்டைன்' தாளக்கட்டில் பெரும்பகுதி அவரே மூன்று வருடம் உட்கார்ந்து செய்தது. மாட்மோஸ் இருவர் வந்தது கடைசி இரண்டு வாரம், அதன் மேல் சில அடுக்குகள் சேர்க்க. ஆனால் ஆல்பம் முழுக்க அவர்கள் செய்தது என்று எல்லா இடத்திலும் எழுதிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் மாட்மோஸ்காரரே ஒவ்வொரு பேட்டியிலும் "இல்லை, நாங்கள் இல்லை" என்று திருத்திச் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சையும் யாரும் காதில் வாங்கவில்லை. ஆர்க்கா விஷயத்திலும் அதே கதை திரும்பவும் நடந்தது. பாட்டுகளில் பெரும்பாலானவை எழுதி, தந்தி அமைப்பும் போட்ட பிறகுதான் ஆர்க்கா வந்தார். ஓர் ஆண் ஒரு தடவை சொன்னால் போதும், பெண் ஐந்து தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். இத்தனை வருடம் ஏன் வாய் திறக்கவில்லை என்றால், புகார் சொல்கிறவர் என்ற பெயர் வருமே என்று.

நண்பரின் பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். கணினியில் தாளம் செய்தவர்களின் பெயர் மட்டும்தான் அதில் இருக்கிறது. மேடையில் அவரோடு யார் நின்றார்கள்? 'வெஸ்பர்டைன்' சுற்றுப்பயணத்தில் கிரீன்லாந்துப் பெண்கள் பாடற்குழு, ஹார்ப் வாசிக்க ஸீனா பார்க்கின்ஸ். 'வோல்ட்டா'வுக்கு ஐஸ்லாந்துப் பெண்கள் பத்துப் பேர் பித்தளைக் குழல் வாத்தியங்களோடு. 2011 'பயோஃபிலியா'வுக்கு 24 இளம்பெண்கள் பாடும் 'கிராதுவாலே நோபிலி'. 2017 'யுட்டோப்பியா'வுக்குப் பெண்களின் புல்லாங்குழல் குழு, பெயர் 'வீப்ரா'. 'ஃபோசோரா'வில் ஆறு கிளாரினெட். இவர்கள் எல்லோருக்கும் உட்கார்ந்து சுரம் எழுதி, ஒத்திகை பார்த்து, மாதக்கணக்கில் உழைத்தது பியோர்க். நண்பரிடம் கேளுங்கள், 'வீப்ரா' ஏன் உன் பட்டியலில் இல்லை என்று.

—

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

இதுதான் எனக்கு வேண்டியது. நியூஜெர்சி அண்ணே, மேடைக் கச்சேரி நேரில் பார்த்திருக்கிறீர்களா?

—

நியூஜெர்சிவாசி எழுதியது:

2019 மே, நியூயார்க் 'தி ஷெட்' அரங்கு, 'கார்னுகோப்பியா'. டிக்கெட் விலையை வீட்டில் சொல்லவில்லை. மேடையை இயக்கியது அர்ஜென்டினாத் திரைப்பட இயக்குநர் லுக்ரேசியா மார்த்தேல்.

முதலில் வந்தது பியோர்க் இல்லை. ஹாம்ராஹ்லீத் பாடற்குழு. ஐம்பது பேர் அளவில், எல்லாம் இளசுகள், துணைவாத்தியம் ஏதும் இல்லாமல் பாடினார்கள். பியோர்க்கே பதின்ம வயதில் பாடிய குழு அது. அப்போதிருந்து அதே அம்மையார்தான், தோர்கெர்துர் இங்கோல்ஸ்தோத்திர், நடத்திவந்தார். அத்தனை விலை கொடுத்து டிக்கெட் வாங்கிய கூட்டத்தை முதலில் தன் பழைய குழுவின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

அப்புறம் அந்த வட்டப் புல்லாங்குழல். ஒரு பெரிய வளையம், நான்கு பெண்கள் சுற்றி நின்று ஒரே நேரத்தில் ஊதுகிறார்கள், நடுவில் பியோர்க். மேடையின் ஒரு பக்கம் கூண்டு மாதிரி ஓர் எதிரொலி அறை. சில பாட்டுகளுக்கு அதற்குள் போய்ப் பாடினார். உள்ளே போனதும் குரலைச் சுற்றி ஒரு கோயில் மண்டபம் எழும்பிவிட்டது போல இருந்தது, வெளியே வந்ததும் மறுபடி சாதாரணக் குரல். கருவியில் ஒரு பொத்தானைத் தட்டி அதே எதிரொலியை வரவழைத்திருக்கலாம். ஆனால் அவர் அறையே கட்டிவிட்டார்.

குறையும் சொல்கிறேன். திரையில் ஓடிய வண்ணப் படங்கள் அளவுக்கு மீறிப் போயின. ஏழு பேர் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டே நடனமும் ஆடுவதைப் பார்க்கவா, பின்னால் விரிகிற பூக்களைப் பார்க்கவா என்று கண் அலைந்தது.

—

செவிப்பறை எழுதியது:

உங்கள் குறைதான் என் வாதமே! பாட்டை விட்டுவிட்டுப் பூவைப் பார்க்க வைக்கிறார்.

சரி, சுரம் எழுதியது அவர்தான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அதில் பெரிய சந்தேகம் எப்போதும் இருந்ததில்லை. அவர் எழுதிய சுரம் எனக்கு நினைவில் நிற்கவில்லை என்பதுதான் என் பிரச்சினை. 1995-ல் 'இட்ஸ் ஓ சோ கொயட்' பிரிட்டனில் நாலாம் இடம் வரை போனது. வீதியில் போகிறவன் எல்லாம் பாடினான்.

—

கடல்நாரை எழுதியது:

அது பழைய பாட்டு சார், அவர் இசையமைத்ததே இல்லை. அவர் வாழ்க்கையில் பிரிட்டனில் அதிகம் ஓடிய பாட்டு மற்றவர் பாட்டாக அமைந்தது விதியின் விளையாட்டு. அவரே பிறகு கச்சேரிகளில் அதைத் தொடுவதில்லை.

மெட்டுதான் வேண்டும் என்றால் 1990-ல் வந்த 'கிளிங் க்ளோ' கேளுங்கள். குத்முந்துர் இங்கோல்ஃப்சன் என்ற பியானோக்காரரின் மூவர் குழுவோடு பாடிய ஜாஸ். ஐஸ்லாந்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் தட்டு. பியானோக்காரர் மறு வருடமே காலமாகிவிட்டார். அதில் பியோர்க் பாடுவது ரேடியோவில் வரும் பழைய பாட்டு பாடும் உற்சாகத்தில் இருக்கும், எந்தத் திட்ட அறிக்கையும் கிடையாது.

—

இசைஆசிரியை எழுதியது:

நான் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவள். "கருத்து" என்று செவிப்பறை ஐயா கிண்டல் செய்ததால் 'பயோஃபிலியா' பற்றி ஒரு வார்த்தை.

அந்தச் சமயம் அவர் குரல்நாணில் முடிச்சு விழுந்து அவதிப்பட்டார். பயிற்சி செய்தே சமாளித்துப் பார்த்து, கடைசியில் 2012-ல் லேசர் அறுவை சிகிச்சை. குரலே போய்விடுமோ என்ற நிலையில் இருந்த ஒருவர் செய்த காரியம்: ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு செயலி. நிலவின் வளர்பிறை தேய்பிறை ஒரு பாட்டில் சுர அடுக்காகும், மின்னல் இன்னொன்றில் அடித்தளச் சுரமாகும். உண்மையான டெஸ்லா சுருளை மேடையில் தொங்கவிட்டு, அதன் மின்பொறிச் சத்தத்தையே வாத்தியமாக வாசித்தார்கள். ஊசல் ஆடும்போது தந்தியை மீட்டும் ஒரு ஹார்ப் செய்ய வைத்தார். செலஸ்டா என்ற மணிப்பெட்டிக்குள், கேமலான் என்ற இந்தோனேசிய இசையில் வரும் வெண்கலத் தகடுகளைப் பொருத்திப் புதிதாக ஒரு வாத்தியம்.

என்னைக் கவர்ந்தது இதற்குப் பிறகு நடந்தது. ரெய்க்யவிக் பள்ளிகளில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இதை வைத்துப் பாடம் நடத்தினார்கள். படிகம் எப்படி வளர்கிறது என்று அறிவியல் ஆசிரியர் சொல்வார், அதே வகுப்பில் பிள்ளைகள் செயலியில் விரலால் தொட்டுப் பாட்டு அமைப்பார்கள். 2014-லிருந்து மற்ற நார்டிக் நாடுகளுக்கும் போனது. சிறு வயதில் இசைப்பள்ளியில் பழைய ஜெர்மன் இசைமேதைகளையே சுற்றிச் சுற்றிப் படிக்க வைத்தார்கள் என்று அவருக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தை முப்பது வருடம் கழித்துப் பாடத்திட்டமாக ஆக்கிவிட்டார். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தேர்வுத்தாளுக்காக வாசிக்கிறார்கள், எனக்கு அந்தக் கோபம் புரிகிறது.

—

ரீமிக்ஸ்ராசு எழுதியது:

சும்மா இருந்தவனைக் கிளப்பிவிட்டீர்கள். நேற்று ராத்திரி 'வெஸ்பர்டைன்' ஓடவிட்டேன். ஹெட்போனில் யாரோ பனியில் நடப்பது மாதிரி கரகரவென்று ஒரு சத்தம், அதுவே தாளம்! திரும்பிப் பார்த்தேன். தங்கச்சி சிரிக்கிறாள். அவள் லாஃபே ரசிகை, ஐஸ்லாந்து என்றால் லாஃபேதான், பியோர்க் எல்லாம் அம்மா காலத்து ஆள் என்கிறாள்.

—

ஃபேடர் எழுதியது:

ராசு, அந்த ஆல்பத்தில் ஹார்ப், செலஸ்டா, இசைப்பெட்டி என்று சின்னச் சின்ன சத்தங்களாக இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 2001, இணையத்தில் பாட்டுக் கோப்புகளை இலவசமாகப் பகிர்ந்துகொண்ட நாப்ஸ்டர் காலம். பாட்டு இனி சுருக்கிய கோப்பாகக் கணினிக் குட்டி ஸ்பீக்கரில்தான் கேட்கப்படும் என்று கணித்து, அப்படிச் சுருக்கினாலும் கெடாத ஒலிகளாகப் பார்த்துப் பொறுக்கினார். இசைக் கம்பெனிகள் வழக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவர் வாத்தியத்தை மாற்றிக்கொண்டார்.

லாஃபே நல்ல பாடகி. செல்லோ வாசிப்பார், பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர், 2024-ல் கிராமி வாங்கினார். பியோர்க்குக்குப் பதினைந்து தடவைக்கு மேல் பரிந்துரை, ஒன்று கூடக் கையில் வரவில்லை. தங்கச்சியிடம் இதைச் சொல்லாதீர்கள்.

—

கடல்நாரை எழுதியது:

கிராமி இல்லாவிட்டால் என்ன, 2010-ல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு, இத்தாலியத் திரையிசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனேவோடு சேர்த்து.

லாஃபே, செல்லோ வாசித்துக்கொண்டே 2020-ல் ஆஸ்கர் வாங்கிய இசையமைப்பாளர் ஹில்துர் குத்னாதோத்திர், 2009-ல் ஜெர்மனியில் முதலிடம் பிடித்த எமிலியானா டொரீனி, இவர்கள் எல்லோரும் ஒருவரைப் போல ஒருவர் இல்லை. லாஃபே பாடுவது பழைய அமெரிக்க ஜாஸ் வழி, ஹில்துர் செல்லோவை இருட்டுக்குள் இழுத்துப் போகிறவர். பியோர்க் பாணியில் பாட இவர்கள் யாரும் முயலவில்லை. அவர் திறந்தது பாணியை அல்ல. ரெய்க்யவிக்கிலிருந்து கிளம்பி, உச்சரிப்பைக் கூட மாற்றிக்கொள்ளாமல், உலக மேடையில் நிற்கலாம் என்பதைத்தான்.

—

இலண்டன்காரி எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அரசியலை ஒருத்தரும் தொடவில்லையே, பாருங்கோ.

அவர் தாயார் ஹில்துர் ரூனா, 2002-ல் அலுமினிய ஆலைக்காகக் கட்டப்படவிருந்த கவுரான்யூக்கர் அணையை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தவர். மகளும் அதே வழி. 2008-ல் சிகுர் ரோஸ் குழுவோடு ரெய்க்யவிக்கில் இலவசக் கச்சேரி, இயற்கையைக் காக்கச் சொல்லி. 2011 ஜனவரியில், புவிவெப்ப மின் நிறுவனம் வெளிநாட்டுக் கம்பெனி கைக்குப் போவதை எதிர்க்க மூன்று நாள் விடாமல் கரோக்கி நடத்தினார். ஊர்ச்சனம் வந்து வந்து பாடிவிட்டுப் போனது! 2023-ல் ஸ்பெயின் பாடகி ரோசலியாவோடு பாடிய பாட்டின் வருமானம், கிழக்கு ஐஸ்லாந்தின் சேய்திஸ்ஃப்யோர்துர் கடற்கழியில் திறந்த வலைக்கூண்டு சால்மன் பண்ணையை எதிர்த்து வழக்காடும் ஊர்மக்களுக்கு. 2008-ல் ஷாங்காய் மேடையில் திபெத் பெயரைச் சொல்லிக் கூவியதும் உண்டு, அதற்குச் சீன அரசு கண்டனம் தெரிவித்தது.

தாயார் 2018-ல் போய்விட்டார். 'ஃபோசோரா'வில் இரண்டு பாட்டு அவருக்கு. ஒன்றில் மகன் சிந்த்ரியும் கூடப் பாடுகிறார். கடைசிப் பாட்டில் மகள் இசாதோராவின் குரல். காளான் என்று சிரிக்க வேண்டாம், செவிப்பறை அண்ணா. அந்த 'ஆன்செஸ்ட்ரெஸ்' பாட்டைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கோ. தாயின் மரணத்தை ஏழு நிமிடத்துக்குச் சொல்கிறார். அழுகை எங்கேயும் இல்லை, கணக்கு வழக்கு மாதிரி, அம்மா என்ன வாக்கியம் பேசுவார், என்ன பாட்டு பாடுவார், மூச்சுக் கருவி எப்படி ஓடியது என்று. பின்னால் பெரிய கண்டாமணிகள்.

—

செவிப்பறை எழுதியது:

கேட்டேன் தங்கச்சி. இரண்டு தடவை. அந்தப் பாட்டு நின்றுவிட்டது, மறைக்க மாட்டேன். ஆல்பத்தின் மிச்சம் எனக்கு இன்னும் தடதடவென்றுதான் இருக்கிறது.

—

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

நண்பரிடம் நியூஜெர்சி அண்ணன் சொன்ன 'வீப்ரா' கேள்வியை வைத்தேன். "அது வாசிக்கிறவர்கள், நான் சொல்வது தயாரிப்பாளர்கள்" என்று நழுவினார். மாட்மோஸ்காரரே மறுத்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பதில் இல்லை. "சரி, எதிலிருந்து கேட்கணும்" என்று கேட்டிருக்கிறார். எதைக் கொடுக்கட்டும்?

—

ஃபேடர் எழுதியது:

அவருக்கு 'மெடுல்லா' கொடுங்கள். 2004. ஏறக்குறைய எல்லாமே மனிதக் குரல். தாளம் ராஸெல், டொக்காக்கா போன்றவர்கள் வாயால் போடுவது, அடியில் ஐஸ்லாந்துப் பாடற்குழு, நடுவில் இனுயிட் (வடதுருவப் பழங்குடி) தொண்டைப் பாடகி தான்யா தகாக் மூச்சு வாங்குவது கூட இசையில் சேர்ந்திருக்கும். அந்த வருட ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடிய 'ஓஷியானியா' இதில்தான் இருக்கிறது. தாளக் கருவி செய்தவரைக் காட்டு என்று கேட்கிற ஆளுக்கு, தாளக் கருவியே அநேகமாக இல்லாத ஆல்பம். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அடிக்குரல் எல்லாம் செத்துப்போகும்.

—

செவிப்பறை எழுதியது:

முதல் நாளே 'மெடுல்லா'வா? ஆளை ஓட்டுவதற்கா? 'ஹோமோஜெனிக்' கொடுங்கள், இரண்டாவது பாட்டு 'யோகா', ஹெட்போனில். பிடிக்கவில்லை என்றால் அப்புறம் ஃபேடர் கையில் ஒப்படைக்கலாம்.

—

தபேலாப்பித்தன் எழுதியது:

'வீனஸ் ஆஸ் எ பாய்' என்று நான் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை போல. நாலே முக்கால் நிமிடம்தான், டீக்குள் முடிந்துவிடும்.